பதில்: ஒரே லைன், ஃபேக்ஸ் பாதியில் நிற்கிறது

சார், காரைக்குடி வீட்டு முகப்பில் ஆபீஸ், உள்ளே வளவில் (நடு முற்றப் பகுதியில்) அதே நம்பருக்குப் பேரலல் போன், அதே லைனில் பிராட்பேண்ட். சிங்கப்பூருக்கு அனுப்பும் ஆத்தங்குடி தரைக்கல் டிசைன் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். மெஷினைக் குறை சொல்வதற்கு முன் வயரிங்கைப் பாருங்கள்.

சுவரிலிருந்து வரும் லைன் நேரே ஸ்ப்ளிட்டருக்கு (போனையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) போகட்டும். அதன் ஒரு துளையில் மோடம். போன் துளையிலிருந்து ஃபேக்ஸின் ‘லைன்’ துளைக்கு வயர். வளவு போனின் வயரைச் சுவர்ப் பெட்டியிலிருந்து கழற்றி, ஃபேக்ஸின் ‘எக்ஸ்ட்’ துளையில் (வெளி போனுக்கான துளை) செருகுங்கள். பக்கம் போகும்போது பெரும்பாலான மெஷின்கள் அந்தத் துளையைத் துண்டித்துவிடும்; உள்ளே ஆச்சி ரிசீவரை எடுத்தாலும் கெடாது. சுவர்ப் பெட்டியிலேயே பிரித்திருந்தால் எடுத்த நொடியே சிக்னல் போச்சு.

கால் வெயிட்டிங்கையும் நிறுத்திவிடுங்கள். இன்னொரு கால் வரும்போது கேட்கும் அந்த ஒரு ‘பீப்’ போதும், தொடர்பு அறுந்துவிடலாம்.

அப்புறமும் தகராறு என்றால் மெஷின் அனுப்பும் வேகத்தை 14400 பிபிஎஸ்-இலிருந்து (நொடிக்கு இத்தனை பிட்) 9600-க்கு இறக்குங்கள். வெளிநாட்டு லைனுக்கான ‘ஓவர்சீஸ் மோட்’ இருந்தால் அதைப் போடுங்கள். ஈசிஎம் (பிழை திருத்தும் வசதி) ஆனில் இருக்கட்டும், கெட்டுப்போன பகுதியை மட்டும் திரும்ப அனுப்பும். டிசைனை ‘போட்டோ’ மோடில் அனுப்புவது வீண். நிறம் நிரப்பாத கோட்டுப் படமாக ‘ஃபைன்’ மோடில் அனுப்பினால் சீக்கிரம் போய்விடும்.

லைன் ஃபைபருக்கு மாறியிருந்தால் மட்டும், டி.38 வசதி (இன்டர்நெட் வழி லைனில் ஃபேக்ஸைக் கொண்டுபோகும் முறை) உண்டா என்று கம்பெனிக்காரரிடம் கேளுங்கள்.