பருத்தவர் உழைக்காதவரா?

ஐயா,
கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாகக் கணினி முன் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். 9 கிலோ ஏறிவிட்டது. அண்ணன் இன்னும் அதே கிடங்கில்தான், ஒல்லியாக, முறுக்கேறிய உடம்போடு இருக்கிறார். உழைக்காமல் தின்கிறோமே என்று கூச்சமாக இருக்கிறது. எவ்வளவு நேரம் நடந்தால் எடை குறையும்? நின்றபடி வேலை செய்யும் மேசை வாங்கலாமா? பேசாமல் பழைய வேலைக்கே போய்விடட்டுமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மேசையை விடுங்கள். நின்றாலும் உட்கார்ந்தாலும் உடல் செலவழிக்கும் சக்தியில் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தக் கூச்சத்தை யார் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது? என் அத்தை ஒரு சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று துணி தேய்த்தவர். பருத்த உடம்பு. ராத்திரி வந்து காலை நீட்டுவார். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழும், மேலே வர நேரமாகும். அவரிடம் “உடம்பை அசைத்து வேலை செய்தால் இளைக்கும்” என்று சொன்ன உறவினர்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1953-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, இரட்டை மாடிப் பேருந்தில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. அதற்கு அடுத்த கதையை யாரும் சொல்வதில்லை. 1956-ல் அதே குழு சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தது. ஓட்டுநர்களின் கால்சட்டைக்கு இடுப்பளவு பெரிது, அதுவும் இளம் வயதிலேயே, வேலை உடம்பை மாற்ற அதிக காலம் ஆகும் முன்பே. வேலை உடம்பை மாற்றுகிறது, சரி. ஆனால் எந்த உடம்பு எந்த வேலைக்குப் போகிறது, எது அதில் தாக்குப்பிடிக்கிறது என்பதும் இருக்கிறதே! அண்ணனோடு கிடங்கில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்? முதுகு போய், முட்டி தேய்ந்து வெளியேறியவர்கள் உங்கள் கண்ணில் படுவதில்லை. மிஞ்சியவர்களை மட்டும் பார்த்துவிட்டு உழைத்தால் உடம்பு இப்படித்தான் இருக்கும் என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

நடப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதே 1956-ல் ஊட்டச்சத்து ஆய்வாளர் ழான் மேயரின் குழு வங்காளத்துச் சணல் ஆலை ஊழியர்களைப் பற்றி எழுதியது. கடின வேலை செய்தவர்கள் அதற்கேற்ப அதிகம் சாப்பிட்டார்கள், எடை கூடவில்லை. உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கோ வேலை குறைந்த அளவுக்குப் பசி குறையவில்லை, எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். உங்களுக்கும் இன்னும் மூட்டை தூக்கிய காலத்துப் பசிதான். நடங்கள், நல்லதுதான். ஆனால் நடையை மட்டும் நம்பாமல் தட்டில் விழுவதையும் கொஞ்சம் குறையுங்கள்.

பழைய வேலைக்கா? வேண்டவே வேண்டாம். உடற்பயிற்சியில் எவ்வளவு தூக்குவது, எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கும். கிடங்கில் அது மேஸ்திரி கையில். முடிந்தால் அண்ணனுக்கும் அந்தக் கணக்கு வேலையைச் சொல்லிக்கொடுங்கள்.