கடலூரில் இருந்துகொண்டே ஒரு டெக் கம்பெனி நடத்த முடியுமா?

கேள்வி: "பி.சி.ஏ. கடைசி வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் நெல்லிக்குப்பம். சொந்தமாக டெக் கம்பெனி தொடங்க ஆசை. சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் கடலூரிலேயே இருந்து செய்ய முடியுமா? அப்படிச் செய்கிறவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது?"

முடியும். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் என் கம்பெனி நடக்கிறது. முந்திரி உடைக்கும் கம்பெனிகளுக்கு லாட் கணக்கும் (ஒரே தடவையில் வாங்கும் சரக்கு ஒரு லாட்) கூலிக் கணக்கும் பார்க்கும் மென்பொருள் செய்து விற்கிறோம். எங்களிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பண்ருட்டி, காடாம்புலியூர், பணிக்கன்குப்பம் பக்கத்துக்காரர்கள். காலையில் போன் வந்தால் மதியத்துக்குள் அவர்கள் களத்தில் போய் நிற்க முடிகிறது. நான் கடலூரில் இருப்பதற்கு இதுதான் காரணம். ஊர்ப்பாசம் நிறைய உண்டு, ஆனால் அதை வைத்து மாதச் சம்பளம் கொடுக்க முடியாது.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் இரண்டு பேரைச் சொல்வார்கள். ஒருவர் சோஹோ மென்பொருள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, தென்காசி. இன்னொருவர் கிரிஷ் மாத்ருபூதம், திருச்சியில் பிறந்து அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போனவர். இருவர் மீதும் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் வருடங்களைப் பாருங்கள். சோஹோ 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. தென்காசி அலுவலகம் 2011-ல் வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வருமானம் நிலைத்த பிறகு கிராமத்துக்குப் போன கம்பெனி அது. கிரிஷ் 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார், 2021 செப்டம்பரில் அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலானது. அவர் சரக்கை வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இணையத்தில் இருந்தார்கள், விற்பனையும் திரை வழியாகவே நடந்தது. முந்திரிக் களத்து முதலாளி இணையத்தில் தேடி மென்பொருள் வாங்க மாட்டார். நேரில் வந்து எடை மெஷின் பக்கத்தில் நின்று காட்டினால்தான் வாங்குவார். ஆகவே முதலில் உங்கள் சரக்கை வாங்கப்போகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். ஊரை அப்புறம் முடிவு செய்யலாம்.

என் கதை இதுதான். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் புரோகிராமராக இருந்தேன். 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை என்றதும் கடலூருக்கு வந்தேன். எங்கள் சித்தப்பாவுக்குக் காடாம்புலியூரில் முந்திரிக் களம் இருக்கிறது. முன்பு சொந்தத் தோப்பும் இருந்தது. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன, அவருடையதும் போனது. ஆப்பிரிக்கக் கொட்டை அதற்கு முன்பே தூத்துக்குடி துறைமுகம் வழியாக வந்துகொண்டுதான் இருந்தது. தானேவுக்குப் பிறகு அவரைப் போன்றவர்களுக்கு அதை விட்டால் வழியில்லை என்றானது.

இறக்குமதிக் கொட்டையை வாங்கும் கணக்கே வேறு. 80 கிலோ மூட்டை ஒன்றை உடைத்தால் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதுதான் அவுட்டர்ன். 48 என்றால் 80 கிலோவுக்கு ஏறக்குறைய 21.8 கிலோ பருப்பு. விலை பேசுவது அந்த எண்ணை வைத்துத்தான். 16 டன் லாட்டில் 200 மூட்டை இருக்கும். அவுட்டர்ன் ஒரே ஒரு பவுண்டு இறங்கினால் 90 கிலோ பருப்பு போச்சு. சித்தப்பாவிடம் இந்தக் கணக்கு எல்லாம் நோட்டில் இருந்தது. ஆனால் எந்த லாட் எந்தக் கையில் எவ்வளவு தேறியது என்று கேட்டால், நான்கு நோட்டைப் புரட்டி, ஒரு ராத்திரி உட்கார்ந்து கூட்டித்தான் சொல்வார். அதற்குள் அந்த வியாபாரியிடம் அடுத்த லாட்டும் வாங்கியிருப்பார். நான் எழுதிய முதல் புரோகிராம் அதற்குத்தான்.

அது சுலபமான பாதி. கஷ்டமான பாதி கூலிக் கணக்கு. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்ததும் அதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் பக்கம் கொட்டை உடைக்கிறவர்களில் நிறையப் பேர் பெண்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் உடைப்பவர்களும் உண்டு. அவித்த கொட்டையை எடை போட்டுக் கொடுப்பார்கள், உடைத்த பருப்பை எடை போட்டு வாங்குவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கொட்டையிலும் ஈரம், பருப்பிலும் ஈரம். காலையில் கொடுத்த எடைக்கும் மறுநாள் திரும்பி வரும் எடைக்கும் வித்தியாசம் வரத்தான் செய்யும். முதலாளிக்கு ஆள் மேல் சந்தேகம், ஆளுக்கு எடை மெஷின் மேல் சந்தேகம். சேதாரம் என்று யார் எவ்வளவு பிடிப்பது என்பதில்தான் சண்டை எல்லாம். சித்தப்பா களத்தில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "அவரு நோட்டுல எழுதிக்கிறாரு பாப்பா. நான் எதுல எழுதுறது?"

அவர் கேட்ட பிறகுதான் எங்கள் மென்பொருளில் சீட்டு வந்தது. எடை போட்டவுடன் இருவர் கையிலும் ஒரே சீட்டு. பருப்பை மட்டும் எடை போடாமல் திரும்பி வரும் ஓட்டையும் எடை போடச் சொன்னோம்; எண்ணெய் ஆலைக்கு விற்கிற பொருள் என்பதால் ஓடு எப்படியும் களத்துக்குத் திரும்பி வரும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் காய்ந்து போனது எவ்வளவு, காணாமல் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. பல லாட் ஓடிய பிறகு, நியாயமான சேதாரம் இவ்வளவுதான் என்று களத்துக்குக் களம் ஒரு எண் கிடைத்தது. அதன் பிறகு பழைய சண்டைகள் பெரும்பாலும் அடங்கிவிட்டன.

சொல்வதற்கு இவ்வளவுதான், செய்து முடிப்பதற்குள் படாத பாடு. இரண்டு அங்குலச் சீட்டுப் பிரின்டர்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழில் அனுப்பினால் கேள்விக்குறியாகக் கக்கும். முழுச் சீட்டையும் 384 புள்ளி அகலத்தில் படமாக வரைந்து அனுப்பினால்தான் தமிழ் வரும். அப்படி அனுப்பும்போது கொம்பும் காலும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் எழுத்து இருக்க வேண்டும், சீட்டும் நீளமாகிவிடக் கூடாது. எடை மெஷினின் பின்னால் இருக்கும் கேபிளில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மூட்டை ஆடி நிற்கும் வரை பொறுத்து, நின்ற எண்ணை மட்டும் பிடிக்க வேண்டும். களத்தில் சிக்னல் இருக்கும், இருக்காது. அதனால் எல்லாம் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் மேலே அனுப்புகிறோம்.

விரல் ரேகையை மட்டும் நாங்கள் தொடவே இல்லை. முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு அந்தப் பெண்களின் விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகை தேய்ந்திருக்கும். சாம்பல் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் எண்ணெய் சுடும். ரேகை மெஷின் அவர்கள் விரலை ஏற்காது. அதனால் ஆளுக்கொரு லேமினேட் அட்டை, அதில் க்யூஆர் கோடு, படம், பெரிய எழுத்தில் பெயர். சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து இதே மென்பொருளை எழுதியிருந்தால் ரேகையைத்தான் முதலில் வைத்திருப்போம் என்று எங்கள் டீமில் எல்லோருக்கும் தெரியும்.

பணம் வாங்குவது அடுத்த பாடம். மென்பொருள் என்றால் மாதச் சந்தா என்று எல்லோரும் எழுதுகிறார்கள். முந்திரிக்காரரிடம் மாசியிலிருந்து வைகாசி வரை கையில் காசே இருக்காது, எல்லாம் கொட்டையாகக் குடோனில் கிடக்கும். தீபாவளி விற்பனைக்குப் பருப்பு நகரும் புரட்டாசி, ஐப்பசியில்தான் கை தாராளமாகும். நாங்கள் வருடச் சந்தாவின் பெரும்பகுதியை அப்போது வாங்குகிறோம், பொருத்திக் கொடுக்கும் கட்டணத்தை முன்பணமாக வாங்குகிறோம். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டம் சொல்கிறது, புகார் கொடுக்க வழியும் இருக்கிறது. ஆனால் நாளைக்கு அதே களத்தில் போய் டீ குடிக்க வேண்டிய நான் அவர் மேல் புகார் கொடுக்க மாட்டேன். முன்பணம்தான் எனக்குத் தெரிந்த பாதுகாப்பு.

அவர்கள் பணம் கொடுப்பதற்கு இன்னொரு காரணம் ஜி.எஸ்.டி. விவசாயியிடம் உடைக்காத முந்திரிக்கொட்டை வாங்கினால், பதிவு செய்த வியாபாரிதான் வரியைக் கட்ட வேண்டும், பில்லையும் அவரே போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பில் எங்கள் மென்பொருளில் தானாகவே வந்துவிடும். ஆடிட்டர்கள் அதைப் பார்த்துவிட்டு மற்ற களங்களுக்கும் எங்களைச் சொல்கிறார்கள். விளம்பரத்துக்கு நான் செலவு செய்ததை விட ஆடிட்டர் அலுவலகங்களில் காத்திருந்தது அதிகப் பலன் தந்தது.

ஆள் கிடைப்பது கஷ்டம், இதை மறைக்க மாட்டேன். நன்றாக எழுதக் கற்றுக்கொண்ட பையன்கள் சென்னைக்குப் போய்விடுவார்கள். போகட்டும், அவர்களுக்கு அங்கே நல்ல சம்பளம் இருக்கிறது. எனக்கு நிலைத்து நின்றவர்கள், சென்னையில் ஐ.டி. வேலை பார்த்து, கல்யாணமோ குழந்தையோ வந்த பிறகு வேலையை விட்டுக் கடலூரிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் வீட்டோடு இருந்த பெண்கள். பள்ளிக்கூட நேரத்துக்கு ஏற்ற வேலை நேரம் கொடுத்தால் அவ்வளவு நிதானமாக, அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு சின்ன ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் தேடிப் போவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வீட்டைப் பற்றி: கடலூர் மாவட்டத்தில் நிரந்தர வேலை என்றால் என்.எல்.சி. (நெய்வேலி நிலக்கரி நிறுவனம்) அல்லது அரசு வேலை. சொந்தக் கம்பெனி என்று சொன்னால் "அதெல்லாம் சரி, வேலைக்கு எப்ப போவ?" என்று கேட்பார்கள். பெண் என்றால் பெண் பார்க்க வருகிறவர்களிடமும் அதையே விளக்க வேண்டும். அம்மா இப்போதும் சில கல்யாணங்களில் "சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறா" என்றுதான் சொல்கிறார். நான் அவரிடம் சண்டை போடுவதில்லை, அவர்தான் என் கம்பெனியின் இரண்டாவது இயக்குநர்.

பிரைவேட் லிமிடெட் பதிவு செய்ய இரண்டு பேர் வேண்டும் என்பதால் அவர் சேர்ந்தார். கம்பெனியாகப் பதிவு செய்யாமல் ஒருவர் பெயரில் மட்டும் நடத்தும் தொழிலாக (புரொப்ரைட்டர்ஷிப்) இருந்தால் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்), பதிவு செய்த சாதாரணக் கூட்டு நிறுவனம் என்றால் கிடைக்கும். பிரைவேட் லிமிடெட்டில் ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் வருடா வருடம் தணிக்கை கட்டாயம், அந்தச் செலவை யோசித்துக்கொண்டு இறங்குங்கள். எல்.எல்.பி.யில் வருட வரவு 40 லட்சத்தையோ பங்குதாரர் முதலீடு 25 லட்சத்தையோ தாண்டும் வரை அது தேவையில்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்கிறவரிடம் போகாதீர்கள். கடன் தேவைப்பட்டால் மாவட்டத் தொழில் மையத்தில், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம் உண்டு. இதெல்லாம் வாடிக்கையாளர் கிடைத்த பிறகு செய்ய வேண்டிய வேலை. பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு யாருக்கு விற்பது என்று தேடும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன், அது மனசை மிகவும் வாட்டும்.

நீங்கள் நெல்லிக்குப்பம் என்கிறீர்கள். சுற்றிலும் கரும்பு, பண்ருட்டியில் பலாவும் முந்திரியும், கடலூர் முதுநகரில் மீன்பிடித் துறைமுகம். இதில் உங்கள் வீட்டுக்கோ உறவினருக்கோ பழக்கமான தொழில் ஒன்று இருக்கும். இந்த சீசன் முழுக்க அங்கே கணக்கு எழுதுகிறவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் நோட்டை வாங்கிப் பாருங்கள், எந்தப் பக்கத்தில் அடித்துத் திருத்தல் அதிகமாக இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்துக்கு ஒரு புரோகிராம் எழுதிக் காட்டுங்கள். காட்டும்போதே விலையையும் சொல்லிவிடுங்கள். முந்திரி என்று முடிவு செய்தால் எனக்கு இங்கேயே எழுதுங்கள், காடாம்புலியூருக்கு அடுத்த முறை போகும்போது சேர்ந்து போகலாம்.