அப்பா ஓட்டிய பிக்கப் மாதிரி ஒன்று: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எழுபதுகளில் என் அப்பா சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து கடைகளுக்குக் காய்கறி கொண்டுபோய்ப் போடுவார். வண்டி தாட்சன் பிக்கப். அப்பாவுக்கு இப்போது 76 வயது. அதே மாதிரி ஒரு வண்டியை வாங்கி அப்பா, தம்பி, 15 வயது மகன், நான் எல்லாரும் சேர்ந்து சீர்செய்ய ஆசைப்படுகிறோம். இங்கே ஒருவர் 1976ஆம் ஆண்டு தாட்சன் ஒன்றை 9,000 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். வண்டி ஓடாது, சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் இல்லை. ஆனால் "பதிவு செய்வது சுலபம்" என்கிறார். மலேசியாவின் கூலாயில் மாமாவின் செம்பனைத் தோட்டத்திலும் ஒரு தாட்சன் நிற்கிறது. அது எப்போதாவது ஓடுமாம். "எடுத்துக்கோ" என்கிறார் மாமா. எதை எடுப்பது?
– யீஷூன் வாசகர்

பதில்: மாமாவின் வண்டியை எடுங்கள். விலை இல்லாமல் கிடைக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் நினைக்கிற வேலையை நான்கு பேரும் நிம்மதியாகச் செய்ய அங்கேதான் வழி இருக்கிறது.

சிங்கப்பூரில் சரக்கு வாகனத்துக்கு 20 ஆண்டுதான் ஆயுள். பிக்கப்பும் சரக்கு வாகனம்தான். வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியைக் கொண்டுவந்து பதிவு செய்வதென்றால் அது மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். 1976ஆம் ஆண்டு வண்டிக்கு இந்த இரண்டு வழியும் அடைபட்டுவிட்டன. மிச்சம் இருப்பது கிளாசிக் வாகனத் திட்டம். 35 வயது தாண்டிய வண்டிகளுக்கானது அது. அதில் சேர்ந்தாலும் ஆண்டுக்கு 45 நாள் வரைதான் சாலையில் ஓட்டலாம். குறிப்பிட்ட இந்த பிக்கப்பை அத்திட்டத்தில் ஏற்பார்களா என்று சாசி (அடிச்சட்டம்) எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் போட்டு நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை ஒரு வெள்ளிகூட முன்பணம் தர வேண்டாம்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. இங்கே பதிவு நீக்கிய வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும், அல்லது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்குக் கெடுவும் உண்டு. அப்படியிருக்க, சிஓஇ இல்லாத பழைய பிக்கப் எந்தத் தாளின் பேரில் இங்கே நிற்கிறது? விற்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். "சுலபம்" என்கிறவர், பதிவு கிடைக்காவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக எழுதித் தரட்டும். தயங்கினார் என்றால் விட்டுவிடுங்கள்.

நிறுத்த இடமும் யோசிக்க வேண்டிய விஷயம். சாலை வரி இல்லாத வண்டியை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடத்தில் வைக்க முடியாது. அங்கே வண்டியைக் கழற்றி வேலை பார்ப்பதும் விதிக்குப் புறம்பு. பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ இடம் பிடித்தால் வாடகை மாதாமாதம் ஓடும். வார இறுதியில் மட்டும் செய்கிற இந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கடைசியில் வண்டிக்குச் செலவழித்ததைவிட வாடகைக்குக் கொடுத்தது அதிகமாக இருக்கும்.

கூலாய் வண்டியை அங்கேயே வைத்துச் சீர்செய்து அங்கேயே ஓட்டுங்கள். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பதிவான வண்டியை இங்கே ஓட்டக்கூடாது. அதனால் சீர்செய்த வண்டியை யீஷூனுக்கு ஓட்டி வரும் கனவு வேண்டாம். வண்டி மாமா பெயரிலேயே இருக்கட்டும். கெரான் எனப்படும் பதிவு அட்டை கைவசம் இருக்கிறதா, அதிலுள்ள சாசி எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அட்டை காலமாகிவிட்ட யாராவது பெயரில் இருந்தால் வாரிசு ஆவணம் தேவைப்படும். சாலை வரி பல ஆண்டுகளாகக் கட்டாமல் கிடந்தால் எந்தச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஜேபிஜே எனப்படும் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் மாமா விசாரிக்கட்டும். இதெல்லாம் முடிந்த பிறகு ஸ்பேனரைத் தொடலாம்.

அப்புறம் துரு. இந்த வண்டிகளில் கேபினும் பின் தொட்டியும் தனித்தனியாகச் சாசியின்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். கதவு, மட்கார்டு, பின் தொட்டி எதையும் பிறகு தேடிப்பிடித்து மாற்றிக்கொள்ளலாம். சாசி இற்றுப்போயிருந்தால் வண்டியை விட்டுவிடுவதுதான் நல்லது. திருப்புளியின் பிடியால் சாசி நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மாறி மொத்தென்று கேட்கிற இடத்தில் முனையால் அழுத்திப் பாருங்கள். இலைப்பட்டை ஸ்பிரிங் சாசியோடு சேரும் இடம், கேபினைத் தாங்கும் இடங்கள், பேட்டரித் தட்டின் அடிப்பக்கம், மிதியடிக்குக் கீழே உள்ள தரை, முன் கண்ணாடியைச் சுற்றிய ஓரம் ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள். ஒரு காந்தத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அது ஒட்டாத இடத்தில் தகரம் இருக்காது, பட்டி பூசி மறைத்திருப்பார்கள்.

துரு குறைவு, தாள் சரி என்றால் முழு வண்டியையும் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் செய்கிற இந்த மாதிரி வேலை பெரும்பாலும் பாதியில் நின்றுபோவது இதனால்தான். பத்துப் பெட்டி நட்டு போல்ட்டைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும், பெரியவர்களுக்கு மலைப்பாக இருக்கும். ஒரு பகுதியைக் கழற்றுங்கள், செய்யுங்கள், மாட்டுங்கள். அதன் பிறகே அடுத்தது.

முதலில் பிரேக். தாட்சன் பிக்கப்பின் 620 வரிசை 1972இல் வந்தது. 1970களின் கடைசிவரை அதற்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். ஒன்று நன்றாக இருக்கிறதே என்று பழையதை விட்டுவைக்காதீர்கள். அடுத்தது பெட்ரோல்: டாங்கியில் கிடக்கும் பழையதை வடித்துவிட்டு, உள்ளே துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, குழாய்களைப் புதிதாகப் போடுங்கள். மூன்றாவது ரேடியேட்டரும் அதன் குழாய்களும். இன்ஜின் நெடுநாள் ஓடாமல் இருந்தால் எடுத்தவுடன் ஸ்டார்ட்டரைத் தட்டாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் ஸ்பேனரால் கையாலேயே சுற்றிப் பாருங்கள்.

பெயிண்ட் கடைசி. எல்லாருக்கும் அதைத்தான் முதலில் செய்ய ஆசை வரும், எனக்குப் புரிகிறது. ஆனால் பிறகு ஓரிடத்தில் வெல்டிங் தேவைப்பட்டால் அந்த பெயிண்ட் கருகிவிடும், மறுபடியும் காசு கொடுக்க வேண்டும். வண்டி அழகில்லாமலேயே தோட்டத்துக்குள் ஒரு சுற்று ஓடட்டும். அப்பா ஓட்ட, பக்கத்தில் உங்கள் மகன் உட்காரட்டும். அந்த ஒரு சுற்றுக்காகவே அவன் அடுத்த ஆண்டும் உங்களோடு கூலாய்க்கு வருவான்.

கேள்வி: கணவரும் அவர் அண்ணனும் ஜோகூரில் பழைய பிக்கப் ஒன்றைச் சீர்செய்கிறார்கள். 13 வயது மகனும் 10 வயது மகளும் நாங்களும் செய்வோம் என்று அடம்பிடிக்கிறார்கள். விடலாமா?
– செங்காங் வாசகி

பதில்: விடுங்கள், ஆனால் சில வேலைகளில் விடாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைத் திறக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது. பெரியவர்களும் அந்தத் தூசியை ஊதவோ காற்று பம்பால் அடிக்கவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துத் துணியோடு பையில் கட்டிப் போட வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வண்டியை ஜாக்கியால் மட்டும் தூக்கி வைத்துவிட்டு யாருமே அடியில் போகக்கூடாது. சமமான கெட்டித் தரையில், நல்ல ஸ்டாண்டுகள் கொடுத்த பிறகுதான் போகலாம். இதில் உங்கள் கணவருக்கும் விலக்கு இல்லை. ஸ்டாண்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

மகளிடம் கைப்பேசியைக் கொடுங்கள். ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். போல்ட்டுகளைச் சிறு பைகளில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டட்டும். எடுபிடி வேலை என்று நினைக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து எல்லாரும் அவளிடம்தான் வந்து கேட்பார்கள். மகன் விளக்குகளின் ஒயரிங்கைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும், பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு.

கேள்வி: கார்புரேட்டரையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் பழுது பார்க்கக் கொடுத்தேன். 600 வெள்ளி முன்பணம் வாங்கினார்கள். மூன்று மாதமாக "அடுத்த வாரம்" என்றே சொல்கிறார்கள். என்ன செய்வது?
– புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுதுங்கள். கொடுத்த பொருள், தேதி, தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு 14 நாளுக்குள் வேலையை முடித்துத் தர வேண்டும், அல்லது பாகங்களையும் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். பழைய வண்டியின் கார்புரேட்டர் பணத்தைவிடப் பெரிது, தொலைந்தால் மறுபடி கிடைப்பது கஷ்டம். அதனால் பாகங்களைத் திரும்பப் பெறுவதை முதலில் வையுங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் (CASE) அமைப்பை நாடலாம். சிறு வழக்கு நடுவர் மன்றத்துக்கும் போகலாம். அங்கே 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிப்பார்கள், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை, உங்கள் வழக்கை நீங்களே பேசலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். ரசீது இல்லாவிட்டால், அவர்களோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் வங்கிப் பரிமாற்றத்தையும் இன்றே படம் எடுத்து வையுங்கள்.