அனுப்பாத இன்வாய்ஸ்

அன்புள்ள அக்கா,

கோவையில் ஓவியர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் சிறிய இணைய வகுப்பு ஒன்றை நடத்துகிறேன். புத்தகங்களுக்குப் படம் போடுபவர்கள், சுவரோவியம் வரைபவர்கள், கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர்கள் என்று இந்த முறை 22 பேர் சேர்ந்தார்கள். விலை, ஒப்பந்தம், காப்புரிமை (காப்பிரைட்), வரி எல்லாம் சேர்த்து 12 பாடங்கள். 94 பக்கத்தில் ஒரு பிடிஎஃப், வாரம் இரண்டு வீடியோ.

6 பேர் தங்களுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு) இருப்பதாக அவர்களாகவே சொன்னார்கள். முதல் வாரம் அதிகம் கேள்வி கேட்டவர்கள் அவர்கள்தான். மூன்றாம் வாரத்துக்கு அப்புறம் ஒருவரையும் காணோம். எழுத்தைப் பெரிதாக்கினேன், வண்ணம் சேர்த்தேன், வீடியோவை 12 நிமிடமாகச் சுருக்கினேன். பலனில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருவர் மட்டும் நீண்ட மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன். உடன் நடத்தும் நண்பர், “ஒழுங்கு இல்லாதவர்களுக்குப் பாடம் எழுதி என்ன பயன்?” என்கிறார். உங்களுக்கும் ஏடிஎச்டி உண்டு என்று எழுதியிருந்ததால் கேட்கிறேன். பாடத்தை எப்படி மாற்றுவது? பிடிஎஃபை இணைத்திருக்கிறேன்.

ர., கோவை

அன்புள்ள ர.,

94 பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் பதில் எழுதுவது என்று உட்கார்ந்தேன். 31-ஆம் பக்கத்தில் எழுந்து போனேன். திரும்பி வர 9 நாள் ஆனது. வந்ததும் காப்புரிமைப் பாடத்துக்கு மட்டும் தாவினேன், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீங்கள் தெளிவாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் நான் படித்தவரை எனக்குத் தெரியாத விஷயம் அதில் அதிகம் இல்லை. தெரிந்ததைச் செய்யவைக்கும் விஷயமும் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு ஏடிஎச்டி என்று மருத்துவர் சொன்னது 38 வயதில். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு சிறுவர் நூலுக்குப் படங்கள் வரைந்து, சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்தேன். இன்வாய்ஸை 11 மாதம் அனுப்பவில்லை. பணத்தேவை இல்லாமல் இல்லை, அந்த மாதங்களில் வாடகைக்கே கடன் வாங்கினேன். இன்வாய்ஸ் போடத் தெரியாமலும் இல்லை. அதே வருடம் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன்! பதிப்பகத்தின் கணக்காளர் இரண்டு முறை நினைவூட்டினார். மூன்றாம் மாதத்துக்கு மேல் அவர் பெயரைப் போனில் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு அனுப்புவது? அந்த வெட்கத்திலேயே இன்னும் ஒரு மாதம் ஓடிவிடும்.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான். ஏடிஎச்டியில் சிக்கல் அறிவில் இல்லை, அறிந்ததை உரிய நேரத்தில் செய்வதில் இருக்கிறது. ஆகவே உதவியும் அந்தச் செயல் நடக்கும் இடத்திலேயே கிடைக்க வேண்டும் என்பார். உங்கள் வகுப்பு சனிக்கிழமை காலை. “இதுக்கு எவ்ளோ ஆகும்?” என்று வாடிக்கையாளர் வாட்ஸப்பில் கேட்பது செவ்வாய் இரவு ஒன்பதரைக்கு. நடுவில் மூன்று நாளில் உங்கள் பாடம் ஆவியாகிவிடுகிறது.

அந்த ஒன்பதரை மணியைக் கொஞ்சம் பாருங்கள். கையில் போன். புது வேலை என்ற கிளர்ச்சி. நம்மைத் தேடி வந்து கேட்டாரே என்று அவர் மேல் பிரியம் வேறு பொங்கும். “மூவாயிரம் போதும் சார், வெள்ளிக்கிழமை கொடுத்துடறேன்” என்று விரல் தானாக அடித்துவிடும். விலையும் போச்சு, தேதியும் போச்சு. விலை நிர்ணயத்தின் 7 கூறுகள் அப்போது யாருக்கு நினைவு வரும்? அங்கே வேண்டியது போனிலேயே தயாராகக் கிடக்கும் ஒரு செய்தி: “வணக்கம், விவரம் கிடைத்தது, நன்றி. என்ன அளவு, எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள், எப்போது வேண்டும் என்று சொல்லுங்கள். நாளை மாலைக்குள் விலை சொல்கிறேன்.” எடுத்து ஒட்டி அனுப்ப வேண்டியதுதான். அந்தச் செய்திக்குள் ஒரு ராத்திரி ஒளிந்திருக்கிறது. பல பேருக்கு அது போதும்.

விலைப் பாடத்தில் ஒரு மணி நேரக் கூலியைக் கணக்கிடச் சொல்லியிருக்கிறீர்கள். வாடகை, மின்சாரம், மாதத்தில் வேலை செய்யும் மணிகள், பிறகு வகுத்தல். ஒரு படத்துக்கு எத்தனை மணி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவருக்கு அது சரி. எங்களுக்குக் காலம் இரண்டே வகை, ‘இப்போது’ ஒன்று, ‘அப்புறம்’ ஒன்று. (இது எங்களுக்குள் நாங்களே சொல்லிச் சிரிக்கும் பழைய ஜோக்.) ஆகவே ஊகத்தைக் கேட்காமல் சாட்சியைக் கேளுங்கள். கடைசியாக முடித்த மூன்று வேலைகளின் வாட்ஸப் உரையாடலைத் திறக்கச் சொல்லுங்கள். ‘தொடங்கலாம்’ என்று சொன்ன தேதி, கடைசிக் கோப்பு அனுப்பிய தேதி, நடுவில் எத்தனை திருத்தம். இதை வைத்துச் சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று விலை போட்டு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு அதைத் தொடக் கூடாது.

காப்புரிமைப் பாடத்துக்குத் தாவியதன் காரணம், அங்கே எல்லோரும் செய்யும் பிழையை நீங்களும் செய்திருப்பீர்கள் என்ற சந்தேகம். செய்திருக்கிறீர்கள். “உரிமை எப்போதும் வரைந்தவருக்கே” என்று போட்டிருக்கிறது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வேறு சொல்கிறது. ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு வரையப்பட்ட ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். 19-ஆம் பிரிவையும் சேருங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். ஆனால் இதை எட்டுப் பக்கத்துக்கு விளக்க வேண்டாம். கொட்டேஷன் படிவத்தின் அடியில் அச்சிட்டே கொடுத்துவிடுங்கள்: “காப்புரிமை ஓவியரிடமே இருக்கும். பயன்பாடு: ____ காலம்: ____ இடம்: ____” கீழே வாடிக்கையாளர் கையெழுத்துக்கு ஓர் இடம். நிரப்பாமல் விட்டால் கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரிய காலியிடம் வையுங்கள். காரணம் தெரிய வேண்டியவர்களுக்குப் பின்பக்கத்தில் விளக்கம். எங்களில் ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பின்பக்கத்தில் தொடங்கி மொத்தச் சட்டத்தையும் படித்து முடிப்பார், அது தனிக் கதை.

ஜிஎஸ்டிக்கு ஒரு பாடமே ஒதுக்கியிருக்கிறீர்கள். சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை தமிழ்நாட்டில் பொதுவாகப் பதிவு தேவையில்லை. உங்கள் 22 பேரில் எத்தனை பேர் அதன் பக்கத்தில் வருகிறார்கள்? நெருங்கினால் ஆடிட்டரைப் பார் என்று ஒரு வரி போதும். மிச்ச இடத்தை, குறு, சிறு, நடுத்தரத் தொழில் செய்பவர்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுக்குக் கொடுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறுந்தொழில் செய்பவருக்கு வேலை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. வாய்விட்டுப் பணம் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக இன்வாய்ஸில் அச்சான ஒரு வரி கேட்டுக்கொள்ளும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதார், பான், ஓடிபி வரும் போன் இருந்தால் ஆகிவிடும். ஆனால் “வீட்டில் செய்துவிட்டு வாருங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில் அது ‘அப்புறம்’ பக்கத்துக்குப் போய்விடும். வகுப்பிலேயே, எல்லோரும் ஒன்றாக, முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்காமல்.

கூட ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் வேலை நடக்கும் என்பது எங்களில் பலர் அனுபவத்தில் கண்டது. அவர் உதவ வேண்டியதில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் சரி. 1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணம்தான் நிலம் வாங்க உதவியது. அவர்களுக்கு ஏடிஎச்டி என்று நான் சொல்ல வரவில்லை. பிழைப்புக்கான வேலையை ஒவ்வொருவரும் தனி அறையில் பூட்டிக்கொண்டு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், கேமராவைத் திறந்து மைக்கை மூடி, ஆளுக்கு ஒரு இன்வாய்ஸ் அனுப்புங்கள். பாடமே வேண்டாம் அன்றைக்கு.

வண்ணம், எழுத்தளவு பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. வீடியோவோடு எழுத்து வடிவமும் கொடுங்கள். ஒரு எண்ணுக்காக 12 நிமிடத்தை முன்னும் பின்னும் ஓட்டுவது கொடுமை.

எனக்கு அதிகம் உறுத்தியது வேறு. ஒவ்வொரு பாடமும் “சென்ற பாடத்தில் பார்த்ததுபோல” என்று தொடங்குகிறது. முந்தையதை முடிக்காமல் அடுத்ததைத் திறக்க முடியாது என்றும் முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு 18 சதவீதம் முடித்திருக்கிறீர்கள் என்று காட்டும் பட்டை. பாதியில் நிற்பது எங்கள் வியாதி மட்டும் இல்லை. எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய இலவச இணைய வகுப்புகளின் கணக்கு 2019-இல் வெளியானது. 2017-18-இல் முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம்தான். மற்றவர்கள் பாதியில் விட்டுவிட்டு மறந்துபோகிறார்கள். நாங்கள் விட்டதற்காக எங்களையே அடித்துக்கொண்டு, அந்த வலியில் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டோம். ஆகவே பூட்டையும் பட்டையையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தாளும் தனியாக நிற்கட்டும். முதல் தாள் ‘அறிமுகம்’ வேண்டாம், ‘ரொம்ப நாள் கழித்து வந்திருக்கிறீர்களா? இங்கிருந்து தொடங்குங்கள்’ என்றே இருக்கட்டும். தாமதமான இன்வாய்ஸோடு அனுப்ப ஒரு செய்தியும் அதில் வேண்டும்: “தாமதத்துக்கு மன்னிக்கவும், இன்வாய்ஸ் இணைத்திருக்கிறேன்.” அவ்வளவுதான். காரணம் விளக்கும் மூன்று பத்தி கூடாது. என் 11 மாதத்தில் 8 மாதம் அந்த மூன்று பத்தியை மனசுக்குள் எழுதியதில் போனது.

இந்தத் தாள்களை 22 பேருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள், யாருக்கு ஏடிஎச்டி என்று கேட்டுப் பிரிக்க வேண்டாம். இவை சிகிச்சையும் ஆகாது, அது மனநல மருத்துவரின் வேலை. நண்பரிடம், சாரத்தின் மேல் நின்று 14 மணி நேரம் சுவர் வரைகிறவரிடம் ஒழுங்கைப் பற்றிப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த மன்னிப்புக் கடிதத்துக்கு இன்றே பதில் போடுங்கள். நீங்களும் தள்ளிப்போட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்! பரவாயில்லை என்று ஆறுதல் எழுத வேண்டாம். எந்த வேலைக்கு இன்னும் இன்வாய்ஸ் அனுப்பவில்லை என்று மட்டும் கேளுங்கள், ஒன்றாவது இருக்கும். வீடியோவில் இருவரும் உட்கார்ந்து அதை அனுப்பிவிட்டு எனக்குச் சொல்லுங்கள். அதற்குள் மீதிப் பக்கங்களை நான் படித்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான்.