கேளுங்கள்: சிலையை மேயும் மீன்கள்

கேள்வி: இத்தாலியில் வேலை பார்க்கும் என் மகன், பாயா என்ற ஊரில் முக்குளித்து எடுத்த வீடியோவை அனுப்பினான். கடலுக்கடியில் ரோமானியர் காலத்துச் சிலைகள். தங்கக் கோடு போட்ட மீன்கள் கூட்டமாக வந்து அவற்றைக் கொறிக்கின்றன. சிலை பாழாகாதா? அத்தனை மீனும் ஒரே நேரத்தில் எப்படித் திரும்புகின்றன?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கவலைப்படாதீங்க அம்மா. அவை தின்பது சிலையை அல்ல, அதில் படர்ந்த பாசியை. தங்கக் கோடு என்றால் அநேகமாகச் சால்பா மீனாக இருக்கும். வளர்ந்த சால்பா முழுச் சைவம். கடற்புல்லும் பாசியும்தான் சாப்பாடு. வெறும் மணலில் பாசி எங்கே பிடிக்கும்? கல் கிடந்தால் பாசி, அதில் சின்ன உயிர்கள், ஒதுங்க ஒரு மறைவு. நம் மீன்வளத் துறை மீனுக்கு வீடாகக் கடலில் இறக்கும் துக்குன் என்ற செயற்கைப் பாறைகளில் மீன் சேர்வதும் இப்படித்தான். உங்கள் மகன் பார்த்தது அநேகமாக ரோமானியச் சக்கரவர்த்தி கிளாடியஸின் விருந்து மண்டபத்துச் சிலைகள். சக்கரவர்த்தியின் மண்டபமா, சிமெண்டுக் கட்டியா என்றெல்லாம் மீன் பார்ப்பதில்லை.

கல்லுக்கு நிஜமான எதிரி, அதைத் துளைத்துக் குடியேறும் சிலவகைச் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும். பக்கத்து ஊரான பொட்சுவோலியில், தரையில் நிற்கும் ரோமானியத் தூண்களிலேயே சிப்பி போட்ட துளைகள் உண்டு. எரிமலைப் பூமி, தரை தானாக இறங்கும், ஏறும். அந்தத் தூண்கள் கடலுக்குள் போய்த் திரும்பிவிட்டன. பாயாவின் அந்த மண்டபம் இன்னும் சுமார் 5 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

சரி, ஒரே நேரத்தில் திரும்பும் வித்தைக்கு வருவோம். சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் வெட்டி வளர்ந்தவன் நான். அடுத்த முறை சம்பல் அடைத்துப் பொரிக்கச் செஞ்சாரு வாங்கினால், வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள். நடு உடம்பில் ரம்பம் மாதிரி ஒரு வரிசை குத்தும். அந்தத் தடித்த செதில்கள் இருப்பது பக்கக்கோட்டின் மேல். அருகில் நீந்தும் மீன் தள்ளும் தண்ணீரை உணர்வது அந்தக் கோடு. கண்ணும் அதுவும் சேர்ந்துதான் கூட்டத்தைக் கட்டிவைக்கின்றன. 1976ல் வெளியான ஓர் ஆய்வில், சைத் என்ற மீன்களின் கண்ணை மூடிக் கூட்டத்தில் விட்டார்கள். அப்படியும் சேர்ந்தே நீந்தின. பக்கக்கோட்டு நரம்பையும் வெட்டிய மீன்களால்தான் கூட்டத்தோடு ஒட்ட முடியவில்லை. கொடுமைதான், ஆனால் விஷயம் தெரிந்தது.

இன்னொன்று: அந்த மண்டபத்தில் இப்போது நிற்பவை நகல் சிலைகள். அசல்களை எடுத்துப் பாயா கோட்டை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். மகனை அங்கேயும் ஒரு எட்டு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.