டர்னில் அல்ல, ஃப்ளாப்பில்தான் தவறு

குன்னூர் நண்பருக்கு வணக்கம். தேயிலைப் பெட்டிகளைப் பரிசாக வைத்து நீங்கள் நடத்திய போக்கர் போட்டியில், ஹார்ட்டின் 9, 8 கையில் இருக்க, ஹார்ட்டின் 7, 6, ஸ்பேட் கிங் என ஃப்ளாப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) விழுந்தும் எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாக மட்டும் வைத்து (கால்), டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) ஒன்றும் வராததால் அவர் ஆல்-இன் (எல்லாச் சில்லுகளையும் பந்தயம் வைப்பது) சொன்னதும் சீட்டை மடித்து விலகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டுகள்) 9, ஸ்ட்ரெய்ட்டுக்கு (அடுத்தடுத்த எண்களில் ஐந்து சீட்டுகள்) மேலும் 6 என 15 சீட்டுகள் உங்களுக்குக் கைகொடுக்கக் காத்திருந்தன. எதிரில் கிங் ஜோடியே இருந்தாலும், மிச்சமிருக்கும் இரு சீட்டுகளையும் பார்க்க முடிந்தால் வெற்றி வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். டர்ன் வீணானதும் அது மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. 20 பிக் பிளைண்ட் (ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்டாயமாக வைக்கும் பெரிய தொடக்கப் பந்தயம்) அளவுக்கு மட்டுமே சில்லுகள் வைத்திருந்த நீங்கள் ஃப்ளாப்பிலேயே ஆல்-இன் சென்றிருந்தால், அவர் மடித்து, நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையை விட்டுக்கொடுக்கவும் இடமிருந்தது. இன்னும் ஒருவர் வெளியேறினால் பரிசு உறுதி என்ற கட்டத்தில், உங்களைவிட அதிகச் சில்லுகள் உள்ளவர் எதிரே அமர்ந்திருந்தால் மட்டும் நிதானியுங்கள்.