மூன்று நட்சத்திரங்களும் ஒரு விரலும் - கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் இளங்கலை முடிக்கப்போகிறேன். ஃபை பீட்டா காப்பா என்ற கௌரவச் சங்கத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய தங்கச் சாவியில் மூன்று நட்சத்திரங்கள், சுட்டிக்காட்டும் ஒரு கை. ரகசியக் குறியீடு என்கிறான் அறைத்தோழன். இவற்றுக்கு என்ன பொருள்? சேரலாமா?

க.

அன்புள்ள க.,

வாழ்த்துகள். அம்மாவிடம் சொல்லியாயிற்றா? இல்லையென்றால் முதலில் போன் செய்யுங்கள்.

நட்சத்திரங்கள் நட்பு, ஒழுக்கம், கல்வி. விரல், இளைஞனின் உயரும் ஆசை. ரகசியச் சங்கமாகத்தான் தொடங்கியது. 1831இல் ஹார்வர்டில் ரகசியத்தைக் கைவிட்டார்கள். தோழர் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறார்.

சரி, அகராதி முடிந்தது. சின்னத்தைப் பார்த்ததும் பொருள் கேட்கத் தோன்றிய உங்களுக்கு, அதைச் செய்துகொண்டவர்கள் கூடி என்ன பேசினார்கள் என்று கேட்க ஏன் தோன்றவில்லை?

1776 டிசம்பர் 5 அன்று, வர்ஜீனியாவின் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் ஐந்து மாணவர்கள் தொடங்கிய சங்கம் இது. மதிப்பெண் பார்த்து ஆள் எடுப்பதெல்லாம் பிற்பாடு வந்த வழக்கம். அவர்கள் கூடியது வாதாட. ஆப்பிரிக்க அடிமைமுறை நியாயமா என்பதும் ஒரு தலைப்பு. அப்போது அந்த ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பர்கள், பெரும்பாலும் அடிமைகள். இவர்கள் பேசினார்கள், கலைந்தார்கள், அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள்.

எங்கள் கல்லூரியிலும் ஒருவர் இருந்தார். சாதி ஒழிப்பு பற்றி முழங்கிக் கோப்பை வாங்குவார். விடுதியில் தன் சாதிப் பையன்களோடு மட்டும் சாப்பிட உட்காருவார். நல்ல பேச்சாளர், அதில் சந்தேகமில்லை. சில நாட்களாக அவர் நினைப்பாகவே இருந்தது, உங்கள் கடிதம் வந்து கிளறிவிட்டது.

அதே வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹெண்டர்சன். 1877இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் இந்தச் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே வெர்மான்டில்தான் 1875இல் முதன்முதலாகப் பெண்களையும் சேர்த்தார்கள். ஆரம்பித்து ஏறக்குறைய நூறு வருஷம் ஆகியிருந்தது. ஒழுக்கத்துக்கென்று ஒரு நட்சத்திரம் பொறித்தார்களே, அத்தனை காலம் அது என்ன செய்துகொண்டிருந்தது? பொருள் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள் தம்பி. உங்களுக்கு மூளை இருக்கிறது என்றுதானே கூப்பிட்டிருக்கிறார்கள்!

உங்கள் தங்கச் சாவி முதலில் சதுரமான வெள்ளிப் பதக்கம். பாக்கெட் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் பிறகுதான் தண்டு வைத்தார்கள். இப்போது அதற்கும் வேலை இல்லை.

சேருங்கள், தாராளமாக. ஹெண்டர்சன் பிற்பாடு பாதிரியாராகவும் பேராசிரியராகவும் இருந்தவர். உங்கள் நூலகத்தில் அவரைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு இதைவிட நீளமாகப் பதில் போடுகிறேன்.